விண்ணப்பத்தில் "மாற்றுத்திறனாளியா? ஆம் / இல்லை": என் மகனுக்கு எதைக் குறிப்பது?

கயல்_வேளச்சேரி | ஜூன் 9, இரவு 10:52

எல்லோருக்கும் வணக்கம். என் மகனுக்குப் பதினாறு முடிந்துவிட்டது. மாநிலப் பாடத்திட்டம், தமிழ்வழி, கணினி அறிவியல் பிரிவு. இந்த வாரம்தான் பிளஸ் டூ வகுப்பு தொடங்கியது. மூன்றாம் வகுப்பில் ஏடிஎச்டி (கவனக்குறைவும் மிகைத்துடிப்பும்) என்று மருத்துவர் சொன்னார். இரண்டு வருடம் மாத்திரை கொடுத்தோம். "வளர்ந்தால் தானாகச் சரியாகிவிடும்" என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னதால் நிறுத்திவிட்டோம்.

நேற்று அவனுடைய பிளஸ் ஒன் இயற்பியல் விடைத்தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கத்தில் எழுத்துகள் கோட்டின் மேல் ஒழுங்காக நிற்கின்றன. மூன்றாம் பக்கத்தில் ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரம். "முடுக்கம்" என்ற சொல்லில் புள்ளி வைத்த எழுத்து காணாமல் போய் "முடுகம்" ஆகியிருக்கிறது. அடுத்த வரியிலேயே "முடுடுக்கம்". ஐந்து மதிப்பெண் வினாக்கள் ஐந்தில் இரண்டைத்தான் தொட்டிருக்கிறான். மீதி வெள்ளைத்தாள். அதே மூன்று வினாக்களை நான் தோசை வார்த்துக்கொண்டிருக்கும்போது கேட்டேன். ஈர விரலால் சமையல் மேடையில் நீள்வட்டம் வரைந்து, கெப்ளர் விதியை ஆசிரியரைப் போலச் சொல்லிக்காட்டினான். தோசை தீய்ந்துபோனது. நான் அழுதுவிட்டேன்.

கூடுதல் நேரம் கிடைக்குமா என்று பள்ளியில் கேட்டேன். "இதுவரை எங்களிடம் யாரும் கேட்டதில்லை" என்றார்கள். கணவரோ மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்கிறார். வாங்கினால் அவன் நெற்றியில் எழுதி ஒட்டியது போலாகிவிடுமாம்.

சான்றிதழ் வாங்க இப்போது காலம் கடந்துவிட்டதா? அடுத்த வருடம் கல்லூரி விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தில் "ஆம்" என்று குறித்தால் அவனுக்கு நல்லதா, கெட்டதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மணலி_வாசகர் | ஜூன் 9, இரவு 11:30

சகோதரி, மனதில் பட்டதைச் சொல்கிறேன். வேண்டாம். என் மகனுக்கும் எழுத்தில் இதே சிக்கல்தான். நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. பொறியியல் கலந்தாய்வுக்குக் கணிதம் 100, இயற்பியலும் வேதியியலும் தலா 50, மொத்தம் 200. மொழித்தாள் மதிப்பெண் அதில் சேராது. அந்த மூன்று பாடங்களை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம். டியூஷன் வைத்தோம், தினமும் கையெழுத்துப் பயிற்சி கொடுத்தோம். இடம் கிடைத்தது. இன்று வேலையிலும் இருக்கிறான். ஊர் வாய் பொல்லாதது. நாளைக்குப் பெண் பார்க்கும்போது இதையெல்லாம் தோண்டி எடுப்பார்கள். உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

துளிர்_ஆசிரியை | ஜூன் 10, காலை 6:15

நான் அடையாறில் பதினெட்டு ஆண்டுகளாகச் சிறப்பு ஆசிரியையாக இருக்கிறேன். கயல் அம்மா, காலம் கடக்கவில்லை. ஆனால் இந்த மாதமே தொடங்குங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசம் அதில் இருக்கிறது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, அதாவது டிஸ்லெக்சியா (படிப்பதில் சிரமம்), டிஸ்கிராஃபியா (எழுதுவதில் சிரமம்), டிஸ்கால்குலியா (கணக்கில் சிரமம்) ஆகியவை, அதில் இருக்கிறது. ஏடிஎச்டி தனியாக அந்தப் பட்டியலில் இல்லை. அதனால்தான் எத்தனையோ பெற்றோர் பழைய மருத்துவச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்து, "இதற்குச் சான்றிதழ் கிடையாது" என்ற பதிலோடு திரும்புகிறார்கள். ஏடிஎச்டி உள்ள பிள்ளைகள் பலருக்குக் கற்றல் குறைபாடும் சேர்ந்தே இருக்கும். நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு டிஸ்கிராஃபியா நினைவுக்கு வந்தது. வாயால் சொல்வதற்கும் கையால் எழுதுவதற்கும் இடையே அவ்வளவு தூரம் இருந்தால் கட்டாயம் சோதித்துப் பார்க்க வேண்டும். விடைத்தாளை மட்டும் வைத்து நான் முடிவு சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில், பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்காக மத்திய அரசு 2005-இல் தொடங்கிய தேசிய நிறுவனம் இருக்கிறது. மதிப்பீட்டுக்கு அங்கே போகலாம். நுண்ணறிவுத் தேர்வு ஒன்று வைப்பார்கள். பிறகு படித்தல், எழுதுதல், கணக்கு ஆகியவற்றுக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் உருவாக்கிய சோதனைத் தொகுப்பு. ஒரே நாளில் முடிந்துவிடும் என்று எண்ணிப் போகாதீர்கள். அதன் பிறகு மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கான யூடிஐடி இணையதளத்தில் பதிந்து, அரசு மருத்துவமனையில் சான்றிதழுக்குப் போக வேண்டும். 2018-இல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதலின்படி கற்றல் குறைபாட்டுக்கு எட்டு வயதில் சான்றிதழ் வாங்கினால் 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி மதிப்பீடு செய்ய வேண்டும். உங்கள் பையனுக்கு இப்போது வாங்கினாலும் 18 முடியும்போது இன்னொரு முறை போக வேண்டியிருக்கும். நாள்காட்டியில் குறித்துவையுங்கள், கல்லூரி முதலாண்டில் இது மறந்துபோய்த் தவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, பெற்றோர் பெரும்பாலும் குழப்பிக்கொள்ளும் இடம். தேர்வில் சலுகை வேறு, இடஒதுக்கீடு வேறு. அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடஒதுக்கீட்டுக்குச் சான்றிதழில் குறைபாட்டின் அளவு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். பொறியியலிலும் அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளிலும் இந்தச் சிறப்புப் பிரிவுக்குப் பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே அழைப்பார்கள். ஆனால் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் 40-ஐத் தொட்டவர்களுக்கு மட்டும்தான் என்பது பழைய கதை. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் சிக்கல் உள்ள ஒருவரின் வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வரம்பை நீக்கியது. அதன் தொடர்ச்சியாக 2022 ஆகஸ்ட் 10-ஆம் தேதி, 40 சதவீதத்துக்குக் கீழே இருந்து எழுதச் சிரமப்படுபவர்களுக்கும் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆகவே சதவீதம் குறைவாக வந்தாலும் தாளைக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள்.

மாநிலப் பொதுத் தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதல், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழித்தாளிலிருந்து விலக்கு ஆகியவை உண்டு. பள்ளி வழியாகத்தான் அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போக வேண்டும். தேர்வு மார்ச்சில், பரிந்துரை அதற்குப் பல மாதம் முன்பே போய்விடும். "யாரும் கேட்டதில்லை" என்று பள்ளி சொன்னால், முதலில் கேட்பவர் நீங்களாக இருங்கள். எழுத்தில் கொடுங்கள், நகலில் பெற்றுக்கொண்ட கையெழுத்து வாங்குங்கள்.

மணலி ஐயா, உங்கள் மகன் வேலைக்குப் போய்விட்டது உண்மையிலேயே மகிழ்ச்சி. ஒன்று மட்டும் சொல்கிறேன்: கையெழுத்துப் பயிற்சியால் டிஸ்கிராஃபியா போவதில்லை. அந்த நேரத்தைப் பாடத்துக்குக் கொடுத்திருக்கலாம்.

கயல்_வேளச்சேரி | ஜூன் 10, இரவு 9:40

ஆசிரியை அவர்களே, கோடி நன்றி. முழுவதையும் அச்செடுத்துக் கணவரிடம் கொடுத்தேன். படித்தார், ஒன்றும் சொல்லவில்லை.

பையனிடம் இன்று மெதுவாகப் பேச்செடுத்தேன். "நான் முட்டாள் இல்லை, எனக்கு யாரும் எழுதித் தர வேண்டாம்" என்று கதவைச் சாத்திக்கொண்டான். இந்தக் கதவை எப்படித் திறப்பது என்றுதான் தெரியவில்லை.

மாம்பலம்_அப்பா | ஜூன் 11, மதியம் 1:20

என் மகளுக்கு ஆட்டிசம். இப்போது வரலாறு இரண்டாமாண்டு படிக்கிறாள். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். மணி அடிக்கும் சத்தம், மதிய உணவு நேரத்து இரைச்சல், வரிசையில் பின்னால் இருப்பவர் தோளில் கை வைப்பது. ஒரு வருடம் முழுவதும் காலையில் அழுகைதான். அப்போது தேசியத் திறந்தநிலைப் பள்ளி எங்களைக் காப்பாற்றியது. ஐந்து பாடங்கள் போதும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. ஐந்து வருடத்துக்குள் ஒன்பது வாய்ப்புகள், தேர்ச்சி பெற்ற பாடம் கணக்கில் நின்றுவிடும். என் மகள் இரண்டு இரண்டு பாடங்களாக எழுதிப் பத்தாம் வகுப்பை முடித்தாள், பிறகு அதே வழியில் பன்னிரண்டை முடித்தாள். இந்த வழியில் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போதே, பிள்ளை எந்தப் பட்டப்படிப்புக்குப் போகப் போகிறது, அதற்கு எந்தப் பாடம் கட்டாயம் என்று பார்த்துவிடுங்கள். இடப்பெயர்வுச் சான்றிதழ் வாங்கிவையுங்கள். வேறு வாரியத்தில் படித்தவர்களிடம் வேறென்ன கேட்கிறார்கள் என்று கல்லூரி அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரியுங்கள்.

கல்லூரி விண்ணப்பங்களில் நாங்கள் "ஆம்" என்று குறித்தோம். மறைக்க மனம் வரவில்லை. ஒரு கல்லூரியில் நேர்காணலின்போது அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "வீட்டிலிருந்தே அஞ்சல்வழியில் படிக்கவைக்கலாமே" என்றார்கள். அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்ததும், "அப்பா, இந்தக் கல்லூரி நமக்கு வேண்டாம். இங்கே கேள்வியை என்னிடம் கேட்கவில்லை" என்றாள். அன்று "ஆம்" என்று குறித்ததற்காக நான் வருந்தவில்லை. அப்படிப்பட்ட இடம் என்று சேர்ந்த பிறகு தெரிந்திருந்தால் எவ்வளவு துன்பம்!

இடம் கிடைத்த கல்லூரிக்கு, வகுப்பு தொடங்கும் முன் மூன்று முறை அழைத்துப் போனேன். முதல் முறை ஞாயிற்றுக்கிழமை; காவலாளி அனுமதித்தார், வெறும் வராந்தாக்களில் நடந்தோம், கழிவறை எங்கே, தண்ணீர் எங்கே, கூட்டம் சேர்ந்தால் ஒதுங்க எந்த மரத்தடி என்று பார்த்துவைத்தாள். இரண்டாம் முறை வேலைநாளில் பதினோரு மணிவரை. மூன்றாம் முறை புறநகர் ரயிலில் அவள் மகளிர் பெட்டியில் தனியாக, நான் அடுத்த பெட்டியில்.

பிறகு துறைத்தலைவருக்கு ஒரு கடிதம். நான் எழுதிக் கொடுத்ததை அவள் அடித்துவிட்டு, தானே எழுதினாள். என்னிடம் நகல் இருக்கிறது, அவளைக் கேட்டுவிட்டுத்தான் இங்கே தருகிறேன்: "எனக்கு ஆட்டிசம் இருக்கிறது. பெயர் சொல்லி அழைத்தால் உடனே திரும்பமாட்டேன்; ஆனால் காதில் விழுந்திருக்கும். எதிர்பாராமல் கேள்வி கேட்டால் சொல் வராது. எழுதிக்கொள்ள இரண்டு நிமிடம் கொடுத்தால் பதில் சொல்வேன். மின்விசிறிக்கு நேர்கீழே என்னால் உட்கார முடியாது. தேதிகளை நான் மறப்பதில்லை." அவ்வளவுதான். துறைத்தலைவர் அதைப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கு மட்டும் காட்டலாமா என்று அவளிடமே அனுமதி கேட்டார்.

கயல் அம்மா, யாரிடம் சொல்வது, எவ்வளவு சொல்வது என்பதைப் பிள்ளை தீர்மானிக்கட்டும். நீங்களும் உங்கள் கணவரும் அதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் அவன் கதவுக்குப் பின்னால் இருக்கிறான்.

பெரம்பூர்_நந்தினி | ஜூன் 11, மாலை 5:05

இடையில் ஒரு சிறிய கேள்வி. சொல்வதை எழுதுபவராக நம் உறவுப் பிள்ளை யாரையாவது அழைத்துப் போகலாமா?

துளிர்_ஆசிரியை | ஜூன் 11, இரவு 8:30

தேர்வுக்குத் தேர்வு மாறும். மாநிலப் பொதுத் தேர்வில் பெரும்பாலும் ஓர் ஆசிரியரையே அமர்த்துவார்கள். நம்முடைய ஆளையே அழைத்துப்போக அனுமதிக்கும் தேர்வுகளில், எழுதுபவர் தேர்வரைவிட ஒரு படி குறைந்த படிப்பில் இருக்க வேண்டும் என்று 2018 வழிகாட்டுதல் சொன்னது; 2025-இல் புதிய வழிகாட்டுதல் வந்திருப்பதால் இப்போதைய விதியை விசாரித்துக்கொள்ளுங்கள். கூடுதல் நேரம் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையக் கூடாது என்பதும் அந்த 2018 வழிகாட்டுதலில் இருந்ததுதான்.

யார் எழுதினாலும் பயிற்சி வேண்டும். இதை அழுத்திச் சொல்கிறேன். வாயால் விடை சொல்லி எழுதவைப்பது தனித் திறமை. சமன்பாட்டை எப்படிச் சொல்வது, அடைப்புக்குறி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, படம் வரைய வேண்டிய இடத்தில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். என்னிடம் படித்த ஒரு மாணவி "எக்ஸ் பிளஸ் ஒன் ஹோல் ஸ்கொயர்" என்று சொன்னதை எழுதியவர் ஒன்றுக்கு மட்டும் வர்க்கம் போட்டுவிட்டார். கணக்கு முழுவதும் சாய்ந்துவிட்டது. குறைந்தது பத்து முழுத் தாள்களாவது இப்படிப் பழகாமல் பொதுத் தேர்வுக்கு அனுப்பாதீர்கள்.

நுழைவுத் தேர்வு எழுதுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2021-இல் நீட் எழுதிய டிஸ்கிராஃபியா உள்ள ஒரு மாணவியிடம், உரிமையுள்ள கூடுதல் ஒரு மணி நேரத்தைத் தராமல் தேர்வு மையத்தில் தாளைப் பிடுங்கிக்கொண்டார்கள். அந்த நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நியாயம் இருப்பதாகச் சொன்னது. ஆனாலும் அவருக்கு மறுதேர்வு கிடைக்கவில்லை. எனவே தகவல் குறிப்பேட்டில் அந்த விதி உள்ள பக்கத்தை அச்செடுத்து, முந்தைய நாளே மையத்துக்குப் போய்ப் பொறுப்பாளரிடம் காட்டிவிட்டு வாருங்கள்.

இரண்டாமாண்டு_வணிகவியல் | ஜூன் 12, நள்ளிரவு 12:48

நான் பெற்றோர் இல்லை. எனக்கு வயது 19. டிஸ்லெக்சியாவும் ஏடிஎச்டியும் உண்டு. என் அம்மா இங்கே உறுப்பினர். அவருக்குத் தெரிந்தேதான் எழுதுகிறேன்.

கயல் அம்மா, உங்கள் மகன் சொன்ன அதே வாக்கியத்தை நானும் சொல்லியிருக்கிறேன். பதினோராம் வகுப்பில் அம்மா தொலைபேசியில் பெரியம்மாவிடம், "இவனுக்கு மூளை வேகமாக ஓடுகிறது, கை ஓடவில்லையாம்" என்று சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்று பெரியம்மாவுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு வந்த கோபம் குறைபாட்டின் மேல் இல்லை. என்னிடம் கடைசியாகச் சொன்னார்களே என்பதுதான்.

எனக்கு மனம் மாறியது அறிக்கையைப் படித்த பிறகுதான். உளவியலாளர் அதை என் கையில் கொடுத்து, ஒவ்வொரு பத்தியாக விளக்கினார். வாய்மொழியில் புரிந்துகொள்ளும் திறன் என் வயதுக்கு மேலே. எழுத்து வேகம் நான்காம் வகுப்புப் பிள்ளையின் அளவு. பக்கத்தில் பக்கத்தில் இருந்த அந்த இரண்டு வரிகளையும் நான் அன்று இருபது முறையாவது படித்திருப்பேன். நான் சோம்பேறி என்று பன்னிரண்டு வருடம் நம்பியிருந்தேன். தயவுசெய்து உங்கள் மகனை மதிப்பீட்டுக்குக் கூட்டிப் போனால், முடிவை அவனோடு உட்கார்ந்து கேளுங்கள். உங்களை மட்டும் உள்ளே அழைத்தால், "அவனும் வரட்டும்" என்று சொல்லுங்கள்.

கல்லூரியைப் பற்றி: பள்ளியில் கிடைத்த சலுகை தானாகத் தொடராது. சேர்ந்த முதல் மாதமே தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் சான்றிதழ் நகலோடு மனு கொடுக்க வேண்டும். என் கல்லூரியில் ஒவ்வொரு பருவத் தேர்வுக்கும் புதிதாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. முதல் பருவத்தில் எனக்காக அம்மா வந்தார். அலுவலகத்தில் அவரோடுதான் பேசினார்கள், என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டாம் பருவத்தில் நானே போனேன். கை நடுங்கியது. மனுவில் இரண்டு எழுத்துப் பிழை. அலுவலர் அதைத் திருத்திவிட்டு, "அடுத்த முறை அக்டோபர் முதல் வாரத்திலேயே கொடு தம்பி" என்றார். இப்போது எனக்கு அந்த அலுவலகம் பயமாக இல்லை.

உங்கள் மகன் இப்போதிலிருந்தே தன் கோப்பைத் தானே வைத்துக்கொள்ளட்டும்.

அண்ணாநகர்_தாய் | ஜூன் 12, காலை 10:10

வெளிநாட்டுக்கு விண்ணப்பிப்பவர்களுக்காக மட்டும். அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வில் கூடுதல் நேரத்துக்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டும், பரிசீலனைக்கே ஏழு வாரம் வரை ஆகலாம். தேர்வுக் கட்டணம் கட்டினால் போதும் என்று நாங்கள் இருந்துவிட்டு ஒரு வாய்ப்பை இழந்தோம். இங்கிலாந்தில் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான யூகாஸ் விண்ணப்பத்திலேயே உங்கள் தேவையைக் குறிப்பிடலாம். அங்கே மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு அரசு தரும் நிதியுதவி நம் ஊரிலிருந்து படிப்புக்காக மட்டும் போகிறவர்களுக்குக் கிடையாது. ஆனால் 2010 சமத்துவச் சட்டத்தின்படி தேவையான ஏற்பாடுகளைச் செய்யும் கடமை பல்கலைக்கழகத்துக்கு உண்டு. ஏடிஎச்டி மாத்திரை சாப்பிடுபவர்கள், அந்த நாட்டில் அதை எடுத்துச் செல்ல என்ன விதி என்று விமானச் சீட்டு வாங்கும் முன்பே பாருங்கள். மருத்துவரின் கடிதம் கைப்பையில் இருக்கட்டும்.

மணலி_வாசகர் | ஜூன் 14, இரவு 11:55

நான்கு நாளாக இந்த இழையைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்தத் தம்பி எழுதியது தூங்கவிடவில்லை.

என் முதல் பதிவில் சொல்லாமல் விட்டதைச் சொல்லிவிடுகிறேன். என் மகனுக்கு முதல் மூன்று பருவங்களில் பதினொரு அரியர். விடுதியில் யாரோடும் பேசாமல் இருந்திருக்கிறான். எங்களுக்கே நான்காம் பருவத்தில்தான் தெரியும். பட்டம் முடிக்க ஆறு வருடம் ஆனது. வேலையில் இருக்கிறான் என்பது உண்மை. அதற்கு என்ன விலை கொடுத்தான் என்பதை நான் இங்கே எழுதவில்லை.

ஊர் பேசும் என்று நான் சொன்னதை இன்றும் மாற்றிக்கொள்ளவில்லை. பேசத்தான் செய்கிறார்கள். ஆனால் இன்று காலை மகனுக்குத் தொலைபேசி செய்து, உன்னைச் சோம்பேறி என்று திட்டியதற்கு வருந்துகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் மௌனம். "சாப்பிட்டீர்களா அப்பா" என்று கேட்டான். எனக்குப் பேச்சு வரவில்லை.

துளிர்_ஆசிரியை | ஜூன் 15, காலை 6:40

மணலி ஐயா, இதை எழுதியதற்கு நன்றி. பெரியவர்களுக்கும் மதிப்பீடு உண்டு, உங்கள் மகன் விரும்பினால். தியாகராய நகரில் உள்ள மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கத்தில் யாரை அணுகலாம் என்று விசாரித்துப் பாருங்கள்.

கயல்_வேளச்சேரி | ஆகஸ்ட் 23, இரவு 10:15

இரண்டு மாதமாக எழுத முடியவில்லை. இப்போதுதான் மூச்சு வந்தது.

அந்தத் தம்பியின் பதிவை அப்படியே பையனின் மேசையில் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டேன். மறுநாள் காலை, "எப்போது போகிறோம்" என்று மட்டும் கேட்டான். முட்டுக்காட்டுக்கு மூன்று முறை போனோம். முதல் இரண்டு முறை நானும் அவனும். மூன்றாம் முறை முடிவு சொல்லும் நாள். கணவர் வண்டியை எடுத்தார், நான் கேட்கவே இல்லை. உள்ளே அம்மா அப்பா மட்டும் வாருங்கள் என்றபோது, "அவனும் வரட்டும்" என்று சொன்னவர் அவர்தான்.

டிஸ்கிராஃபியா இருக்கிறது. ஏடிஎச்டியும் இருக்கிறது. மாத்திரை பற்றி மனநல மருத்துவரிடம் அவனே கேள்வி கேட்டான். பசி குறையுமா, தூக்கம் கெடுமா, கிரிக்கெட் ஆடலாமா என்று. திரும்பி வரும் வழியில் யாரும் பேசவில்லை. திருவான்மியூர் சிக்னலில் வண்டி நின்றபோது கணவர், "எனக்கும் பள்ளியில் கடைசிக் கேள்வி எழுத நேரம் வந்ததே இல்லை" என்றார். பதினெட்டு வருடத் திருமணத்தில் நான் கேள்விப்படாத செய்தி. பையன் பின் இருக்கையிலிருந்து முன்னால் சாய்ந்து, "கை வலிக்குமா அப்பா?" என்று கேட்டான். "கட்டைவிரல்" என்றார்.

அரசு மருத்துவமனையில் சான்றிதழ் கையில் வந்துவிட்டது, 40 சதவீதம். பள்ளிக்கு எழுத்தில் கொடுத்தோம். முதலில் இழுத்தடித்தார்கள். ஆசிரியை சொன்னபடி பெற்றுக்கொண்ட கையெழுத்து கேட்டதும் தலைமையாசிரியர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். இயக்ககத்துக்குப் பரிந்துரை அனுப்புகிறார்கள். மொழித்தாள் விலக்கு வேண்டாம் என்று பையன் சொல்லிவிட்டான். தமிழ்த் தாளைத் தானே எழுதப் போகிறானாம், கூடுதல் நேரம் மட்டும் போதுமாம். மற்ற தாள்களுக்குச் சொல்வதை எழுதுபவர்.

கல்லூரி விண்ணப்பத்தில் எதைக் குறிப்பது என்று நான் இங்கே கேட்டேன். அவனிடம் கேட்டதற்கு, "அரசுக் கலந்தாய்வில் ஆம். தனியார் கல்லூரி என்றால் முதலில் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றான். சென்னை ஐஐடியின் இணையவழித் தரவு அறிவியல் படிப்பையும் பார்த்துவைத்திருக்கிறான். நான்கு வாரப் பாடத்தைப் படித்துத் தகுதித் தேர்வு எழுதிச் சேரலாம், நடுவில் நிறுத்தினாலும் அதுவரை முடித்த நிலைக்கு ஏற்பச் சான்றிதழோ டிப்ளமோவோ உண்டு என்று அவனே எனக்கு விளக்கினான். கோப்பு அவன் அலமாரியில் இருக்கிறது. நான் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

இப்போது ஓர் உதவி வேண்டும். பத்துத் தாளாவது பழக வேண்டும் என்றார் ஆசிரியை. நான் எழுத உட்கார்ந்தால், அவன் சொல்லாததையும் திருத்தி எழுதிவிடுகிறேன் என்று என்னை நீக்கிவிட்டான். வேளச்சேரிப் பக்கம் சனிக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதித் தர யாராவது இருக்கிறார்களா? வரும் வாரம் இயற்பியல்.

மாம்பலம்_அப்பா | ஆகஸ்ட் 24, காலை 7:30

உங்கள் பதிவை மகளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் வருகிறாளாம். கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும், சொன்னதற்கு மேல் ஓர் எழுத்துக்கூட எழுதமாட்டாள். தவறாகச் சொன்னால் தவறாகவே எழுதுவாள். இயற்பியல் அவளுக்குத் தெரியாது, அது நல்லதுதான் என்கிறாள்.

அவள் சொல்லச் சொன்ன நிபந்தனைகள்: நடுவில் யாரும் காபி வேண்டுமா என்று கேட்கக் கூடாது. உங்கள் மகன் நடந்துகொண்டே விடை சொல்லலாம், ஆனால் அவளுக்குப் பின்னால் நடக்கக் கூடாது. மேசை மின்விசிறிக்கு நேர்கீழே இருக்கக் கூடாது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பஸ்ஸில் வந்துவிடுவோம். வீட்டு முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.

கயல்_வேளச்சேரி | ஆகஸ்ட் 24, காலை 7:42

அனுப்பிவிட்டேன். மேசையை ஜன்னலோரம் நகர்த்திக்கொண்டிருக்கிறான்.